பாலையும் தூக்கத்தையும் பிரித்தோம்

பகல் பாட்டில்களை நிறுத்துவது எங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. விளையாட்டு மும்முரத்தில் மகளுக்கு அதன் நினைவே வராது. டம்ளரில் கொடுத்தால் பாதியைக் குடிப்பாள், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். சிக்கல் இரவு பாட்டிலில்தான். ஒன்றரை வயது தாண்டியும் அது வாயில் இருந்தால்தான் கண் சொக்கும். நடுராத்திரி விழித்தாலும் அதே பாட்டில்தான் வேண்டும்.

பல் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் உறைத்தது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு இருப்பதைக் காட்டினார். சொத்தை தொடங்குவதன் முதல் அடையாளம் அது, இன்னும் குழி விழவில்லை, இப்போதே கவனித்தால் தடுத்துவிடலாம் என்றார். பாலில் நாங்கள் சர்க்கரையே போடுவதில்லையே என்று கேட்டேன். பாலுக்குள்ளேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, வாயில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்றுகிறது என்றார். விழித்திருக்கும்போது உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், பால் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும், மேல் பற்கள்தான் முதலில் அடிபடும். மகளின் வாயில் இருந்ததும் அப்படியே.

குழந்தை நல மருத்துவர் வேறொரு கணக்கைக் கேட்டார்: ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு பால்? இந்த வயதில் சுமார் அரை லிட்டர் போதும், 700 மில்லியைத் தாண்ட வேண்டாம். பால் அதிகமானால் சாப்பாட்டில் பசி இருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்பதால் இரத்தசோகை வர வாய்ப்புண்டு என்றார். 12 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் பாட்டிலை விட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். அந்த எல்லையைத் தாண்டியிருந்ததால் உடனே இறங்கினோம்.

அதற்கு முன் சில இரவுகள் அவளைச் சும்மா கவனித்தேன். நடுராத்திரி பாட்டிலை வாங்கி இரண்டு வாய் உறிஞ்சியதும் தூங்கிவிடுகிறாள். பசியாக இருந்தால் இரண்டு வாயில் அடங்குமா? அவளுக்கு வேண்டியது பால் அல்ல, தூக்கத்துக்குள் போக ஒரு வழி. குழந்தைகள் இரவில் பலமுறை அரைகுறையாக விழிப்பது இயல்பு. முதலில் எதை வைத்துத் தூங்கினார்களோ, ஒவ்வொரு விழிப்பிலும் அதையே தேடுவார்கள். இது புரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பாலை நிறுத்த வேண்டாம், படுக்கையிலிருந்து நகர்த்தினால் போதும்.

முதலில் இடத்தை மாற்றினோம். அதே பாட்டில், அதே அளவு பால், ஆனால் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், மடியில் உட்கார்ந்தபடி. குடித்ததும் அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல் தேய்த்துவிட்டு அறைக்குப் போவோம். அங்கே படப் புத்தகம், கதை, முதுகில் தட்டிக்கொடுப்பது. அதற்குப் பின் கேட்டால் தண்ணீர் மட்டும். இது பழகிய பிறகே பாட்டிலை டம்ளராக மாற்றினோம். இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கியிருந்தால் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் வழியைப் பலரும் சொல்வார்கள். நடுராத்திரி பாட்டிலுக்கு மட்டும் அதைச் செய்தோம், நன்றாகவே வேலை செய்தது. வெறும் தண்ணீர் ஆனதும் அதற்காக எழுந்திருப்பதில் அவளுக்கே ஆர்வம் போய்விட்டது. ஆனால் தூங்கப் போகும் நேரத்துக்கு அந்த வழி எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே தண்ணீரே இருந்தாலும் பாட்டிலை உறிஞ்சிக்கொண்டே தூங்கும் பழக்கம் அப்படியே இருக்கும். மூக்கு வைத்த சிப்பர் கப்பும் அப்படித்தான், படுக்கையில் கொடுத்தால் அது இன்னொரு பாட்டில்.

அழுகை இருந்தது. அறைக்குள் போனதும் கதவைக் காட்டி "பால், பால்" என்று தேம்புவாள். என்னைப் பார்த்தால்தான் அந்த நினைப்பு கூடியது என்பதால் தூங்க வைப்பதைச் சில நாள் கணவர் எடுத்துக்கொண்டார். தினமும் ஒரே வார்த்தைகள்: "பால் குடிச்சாச்சு, பல் தேய்ச்சாச்சு, இப்ப கதை." அழும்போது தனியாக விடவில்லை. தூக்கி வைத்துக்கொண்டார், தட்டிக்கொடுத்தார், பாட்டிலை மட்டும் எடுக்கவில்லை. ஒரு நாள் மறுத்து ஒரு நாள் கொடுத்தால் குழந்தைக்கு எதை நம்புவது என்றே தெரியாது. அதனால் இதில் உறுதியாக இருப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பிள்ளைக்கு ராத்திரி வயிறு காயுமேம்மா" என்றார். அந்தக் கவலையை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டை அத்தையே ஊட்டட்டும் என்று விட்டேன். மகள் வயிறு நிறையச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்ததும் அவர் கவலை பாதி குறைந்தது. இரவுப் பால் குறையக் குறைய காலைச் சாப்பாட்டில் மகள் தானாகவே கை நீட்ட ஆரம்பித்ததில் மீதியும் போனது.

இடையில் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்தேன். பாட்டிலைக் கேட்கத்தான் செய்தாள். கேட்ட போதெல்லாம் மடியில் உட்கார வைத்து, டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் பாலும் கொடுத்தோம். படுக்கையில் மட்டும் பால் இல்லை. உடம்பு தேறியதும் கேட்பதை விட்டுவிட்டாள். பற்களுக்கு ஃபுளோரைடு பூச்சு போட்டிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் அந்த வெள்ளைக் கோடு பரவவில்லை என்று மருத்துவர் சொன்னார்.