பதினாறு மண்டபங்கள்

கும்பகோணம் மகாமகக் குளத்தின் கரையைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. என் காலின் நிலையை நான் அவற்றை எண்ணித்தான் அளந்து வருகிறேன். 2023 ஐப்பசியில் மூன்றாவது மண்டபத்தைத் தாண்டுவதற்குள் இடது கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்குவது போல இருக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால், பிசகாமல் அதே தூரத்தில் வந்து நிற்கும்.

முப்பது ஆண்டுகள் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பிழைத்தவன் நான். பீடிக்கும் அதே முப்பது வயது. சர்க்கரை பிறகு வந்து சேர்ந்தது. நடக்க முடியவில்லை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால், கடைத்தெருவில் வலி பிடித்தால் பாத்திரக் கடை முன்னால் நின்று டபரா செட்டுகளைப் பார்ப்பது போல நிற்பேன். இதற்கு ஜெர்மன் மொழியில் 'கடைச் சன்னல் நோய்' என்றே பெயர் உண்டு என்று பின்னால் மருத்துவர் சொன்னபோது, என்னைப் போல் எத்தனை பேர் எந்தெந்த ஊரில் நிற்கிறார்களோ என்று நெஞ்சு கனத்தது.

முதலில் பார்த்த இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள். ஏழு மாதங்கள் போயின. அந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூட என் பாதத்தைத் தொட்டு நாடி பார்க்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு இரவில் படுத்தாலே பாதம் எரிய ஆரம்பித்தது. கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டால்தான் கண்ணயர முடியும். அதைக் கேட்டதும் தஞ்சாவூர் மருத்துவர் என் புறங்காலில் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் தேடினார். பிறகு கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும், 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. எனக்கு 0.42. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் இறுகிப்போய் இந்தக் கணக்கு பொய் சொல்வதும் உண்டு என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள். தொடை ரத்தக்குழாய் ஒரு சாண் நீளத்துக்கு அடைத்திருந்தது.

அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கலாம் என்றதும், அது இதயத்துக்கு வைப்பதல்லவா என்று கேட்டேன். இந்தச் சிகிச்சை பிறந்ததே காலில்தான் என்றார் மருத்துவர். 1964இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்பவர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்கு முதன்முதலில் அடைப்பை விரித்துவிட்டாராம். இதயத்துக்குப் பலூன் வந்தது 1977இல். அந்த மூதாட்டியை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

வலது தொடை இடுக்கில் துளையிட்டு இடது காலுக்குப் போனார்கள். முழு நினைவோடு இருந்தேன். பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், அதுதான் சிரமம். அன்று மாலை என் மனைவி போர்வைக்குள் கைவிட்டு இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள். மாதக்கணக்கில் ஒன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று ஈரச்செங்கல் போலவும் இருந்தவை. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதுங்க" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரவு எரிச்சல் அன்றே போனது; கட்டிலில் கால் நீட்டித் தூங்கினேன். ஆனால் மூன்று வாரம் கழித்துக் குளக்கரைக்குப் போனபோது எட்டாவது மண்டபத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்று பயந்து, உறவினர் திருமணத்துக்குப் போகவிருந்த பயணத்தையும் அன்று மாலையே வேண்டாம் என்றேன். வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். ஸ்கேனில் ரத்தம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பல மாதம் பட்டினி கிடந்த தசை, சோறு வந்த மறுநாளே மூட்டை தூக்காது என்று மருத்துவர் விளக்கினார். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த வாரம் அப்படிக் கழிந்திருக்காது. குழாய் திறந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். நான் எதுவரை நடக்கிறேன், என்ன செய்ய ஆசைப்படுகிறேன் என்று கேட்டவர் உடற்பயிற்சிப் பிரிவில் இருந்த ஒரு பெண் மட்டும்தான்.

அவர் சொன்ன வழி இது. வலி நடுத்தரமாக வரும்வரை நடக்க வேண்டும். வந்ததும் உட்கார வேண்டும். முழுதும் அடங்கியபின் எழுந்து நடக்க வேண்டும். இப்படி அரை மணியில் தொடங்கி முக்கால் மணி வரை, வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். வலிக்கு முன்பே நின்றால் பலன் குறைவு. விடியற்காலையில் மனைவியும் வருவாள். நான் உட்காரும் மண்டபத்தில் அவளும் உட்காருவாள். எட்டு, பதினொன்று ஆயிற்று. இடையில் பத்து நாள் அந்த எண் அசையவே இல்லை. மாசியில் ஒருநாள் காசி விசுவநாதர் கோயில் வாசலில் புறப்பட்டு, உட்காராமல் அதே வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

பீடியைச் சிகிச்சை நாளோடு விட்டேன். சாப்பாட்டுக்குப் பின் கை இன்னும் சட்டைப்பையைத் தேடுகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கான மாத்திரை எதையும் தவறவிடுவதில்லை. பல் பிடுங்கப் போனபோதுகூட மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவில்லை. இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வளர்வதை மறந்திருந்த இடது கால் நகங்களை இப்போது வெட்ட வேண்டியிருக்கிறது. கோயிலுக்கு வெயில் ஏறுமுன் சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன். வெறுங்காலோடு பிரகாரம் சுற்றிய பழக்கத்தை விட்டது மனதுக்கு வருத்தம்தான்.

போன வாரம் கடைத்தெருவில், என்னோடு ஓட்டுநராக இருந்த நண்பர் பாத்திரக் கடை முன்னால் நின்று குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்கவில்லை, உள்ளே போகவும் இல்லை. "அண்ணே, கெண்டைக்கால் பிடிக்கிறதா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். திங்கட்கிழமை இருவருமாகத் தஞ்சாவூர் போகிறோம்.