இந்த வருஷம் கட்டபொம்மன் இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றாலே கட்டபொம்மன்தான். நான் வந்த பதினொரு வருஷத்தில் ஒன்பது முறை அவரைத் தூக்கில் போட்டாயிற்று. 1799-இல் நிஜமாகவே அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறு நம் பக்கத்து ஊர்தான், அந்த உரிமை நமக்கு உண்டு. ஆனால் பையன்கள் பேசுவது சினிமாவில் கேட்ட குரல். முன்வரிசையில் இருக்கும் அப்பாக்கள் வசனத்தை அவர்களுக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

போன மே மாதம் தமிழய்யா ஓய்வு பெற்றார். நாடகக் குழு என் தலையில் வந்து விழுந்தது. நான் கணக்கு டீச்சர். "பீரியடு சரியாப் பிரிப்பீங்க டீச்சர்" என்றார் ஹெச்.எம். அது ஒன்றுதான் என் தகுதி. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருபத்துமூன்று பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, சனிக்கிழமை காலை. ஜனவரிக்குள் மூன்று நாடகம்.

முதலாவது மனோன்மணீயம், ஆகஸ்ட் கடைசியில். தினமும் காலை இறைவணக்கத்தில் பாடுகிறோமே நீராருங் கடலுடுத்த, அது ஒரு நாடகத்தின் முன்னால் இருக்கும் வாழ்த்துப் பாட்டு என்று சொன்னதும் ஒருத்தி, "அப்போ நாடகம் எங்க டீச்சர்?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எடுத்தேன். 1891-இல் சுந்தரம் பிள்ளை எழுதியது. 1970-இல் அந்தப் பாட்டு அரசு வாழ்த்தானது. பாட்டு எல்லார் வாயிலும் இருக்கிறது, நாடகத்தைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. கதையில் பாண்டிய ராஜா மதுரையை விட்டுவிட்டு நம் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடிவருகிறான், கூடவே குடிலன் என்கிற மந்திரி குழி பறிக்கிறான். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் பெரும்பாலும் ஆசிரியப்பா. ஐந்து அங்கத்தையும் போட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். குடிலன் சூழ்ச்சி, சுரங்க வழி, கடைசி மாலை மாற்றல் என மூன்று காட்சி மட்டும், முப்பத்தைந்து நிமிஷம். அடியைப் பிரித்துப் பேசத் தமிழய்யாவே சனிக்கிழமைகளில் வந்து சொல்லித் தருகிறார். சுரங்கத்துக்கு எட்டு பெஞ்சு, மேலே என் பழைய சேலைகள் ஆறு. ஆடிக் காற்றில் போன வாரம் சுரங்கம் பறந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. குடிலனாக நடிப்பது ஒரு பெண் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவள், ராஜாவின் காதில் குசுகுசுவென்று பேசும்போது எனக்கே அவளை நம்பத் தோன்றுகிறது.

இரண்டாவது, காலாண்டு விடுமுறை முடிந்து, வில்லுப்பாட்டாக முத்துப்பட்டன் கதை. பக்கத்து ஊரில் வில்லுப்பாட்டு சொல்லித் தரும் அண்ணாவி ஒருவர் வில்லும் குடமும் இரவல் தருகிறார். குடத்தை மட்டும் தானே கொண்டுவந்து தானே எடுத்துப் போவாராம், எங்களை நம்பவில்லை. பட்டனைத் தெரியாதவர்கள் இங்கே கிடையாது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையன் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட அந்தப் பட்டனுக்குக் கட்டிய செருப்புகளைப் பார்த்திருப்பார்கள். பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கட்ட வேண்டி, அவர்கள் அப்பா வாலப்பகடை சொன்னபடி பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கிறான்.

கோயிலில் கும்பிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் போட்டால் முகம் சுளிப்பார்கள். "இந்தக் கதை வேணுமா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண்கள் உண்மையில் வேறு சாதியில் பிறந்தவர்கள் என்று கதையை மாற்றிச் சொல்வதும் உண்டு, அதையாவது போடுங்கள் என்றார் இன்னொருவர். போடமாட்டேன். அந்த மாற்றம் யாருக்குத் தேவைப்பட்டது என்பது கணக்கு டீச்சருக்கும் புரியும். ஒத்திகைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டியிருக்கும் கலர் கயிறு எதுவானாலும் கழற்றி என் பவுடர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வில்லைத் தொட வேண்டும். வேஷத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லிவைத்தேன். முதல் நாள் ஒன்பது கயிறு விழுந்தது. போகும்போது நாலு பேர் திரும்பி எடுக்க மறந்துவிட்டார்கள். மறந்தார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பொங்கலுக்கு அப்புறம், ஆண்டு விழாவில். 2023 டிசம்பர் 17 ராத்திரி, வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண் அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதே, அதை வைத்துப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். பெட்டிக்குள்ளேயே முழு நாடகமும். சுற்றிலும் தண்ணீர், செல்போனில் சார்ஜ் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொண்டுவருகிறார்கள்.

எழுதிய முதல் பிரதியில் ஊர்க்காரராக வரும் பையன் பேசியது: "பயணிகளே, இவ்வுணவை அருந்துங்கள்." யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அதுதான் நாடகம். "உங்க ஆச்சியா இருந்தா என்னல சொல்லுவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் குரல் இறங்கி, "எய்யா, ரெண்டு வாய் தின்னுட்டுப் படுங்கய்யா, காலைல தண்ணி வடிஞ்சிரும்" என்றான். பின்னால் ஒருத்தன், "எங்க ஆச்சி ஊறுகா வச்சிருக்கான்னும் சொல்லுவா" என்றான். அதற்குப் பிறகு நான் நோட்டை எடுத்து வசனம் எழுதிக்கொள்ளும் வேலையை மட்டும்தான் பார்த்தேன்.

மேடையில் இப்படிப் பேசலாமா என்று தமிழய்யாவிடம் தயங்கித்தான் கேட்டேன். "ஊறுகாயை வெட்டிராதீங்க" என்றார்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது ரயில் சீட் மாதிரி இரண்டு நீளப் பலகை, இரண்டு அரிக்கேன் விளக்கு, பிறகு காற்றில் பறக்காத ஒரு சுரங்கம். சேலை ஓரத்தில் ஆற்று மணல் மூட்டை கட்டலாம் என்கிறாள் குடிலன். நாளைக்கு அதைப் பார்க்க வேண்டும்.