ஒரு கிலோவில் பதினாறு கிராம்

மார்ச் 3, திங்கள்

இந்த மாதம் செய்யும் சோதனைகளைத் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். கேள்வி ஒன்றுதான்: தரம் குறைந்த தாமிரத் தாதுவை எவ்வளவு நைசாக அரைத்தால் போதும்?

தாது ஆலையில் மின்சாரத்தை அதிகம் தின்பது அரவைதான். அரவைக்கு ஆகும் மின்சாரத்தைக் கணக்கிட ஃப்ரெட் பாண்ட் 1952-இல் வெளியிட்ட சூத்திரத்தில் எங்கள் தாதுவைப் போட்டுப் பார்த்தேன். இதன் பாண்ட் எண், அதாவது அரைக்க எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண், 14. 80 சதவீதம் 2 மி.மீ. சல்லடையில் இறங்கும் தாதுவை 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அரைக்க டன்னுக்கு 13 யூனிட் ஆகிறது. 150 மைக்ரானோடு நிறுத்திக்கொண்டால் 8.3 போதும். நாளுக்கு 10,000 டன் அரைக்கிற ஆலைக்கு இது 47,000 யூனிட் வித்தியாசம். இந்த வேலையில் எனக்கு ஆசை வந்ததே இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

பீப்பாயில் வந்த தாதுவை ஒரு கிலோ பைகளாகக் கட்டி முடித்தாயிற்று. மொத்தம் 24.

மார்ச் 5, புதன்

அரவை நேரம் பிடித்தேன். ஒரு கிலோ தாது, 667 மி.லி. தண்ணீர். அதாவது எடையில் 60 சதவீதம் திடப்பொருள். வெவ்வேறு நிமிடங்கள் அரைத்து, ஈரத்தில் சலித்து, உலர்த்தி, மறுபடி சலித்து, எந்த நேரத்துக்கு எந்த மைக்ரான் என்று கோடு வரைந்தேன். சலிப்புதான் நாள் முழுவதும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் ஃப்ளோட்டேஷன், அதாவது அரைத்த தாதுக் கூழில் காற்றுக் குமிழி விட்டுத் தாமிரத் துகள்களை நுரையோடு மிதக்க வைப்பது. எத்தனை தடவை செய்தாலும் காற்றுக் குழாயைத் திறக்கும் அந்த நொடி எனக்குப் புதிதாகவே இருக்கிறது.

சுண்ணாம்பு போட்டு பிஎச் 10.5-க்குக் கொண்டு வந்தேன். வேண்டாத இரும்புக் கனிமமான பைரைட்டை மிதக்கவிடாமல் அமுக்கி வைப்பது அதுதான். அப்புறம் தாமிரத் துகளைக் குமிழியில் ஒட்டவைக்கும் சாந்தேட். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை, கையுறை போட்டாலும் போவதில்லை. இரண்டு நிமிடம் கலக்கவிட்டு நுரைப்பானைச் சொட்டினேன். காற்றைத் திறந்ததும் முதலில் வெள்ளைக் குமிழிகள். மூன்று நான்கு நொடிதான், அதற்குள் குமிழியின் தோல் கருத்து, கருப்புக்கு மேல் பித்தளை மினுமினுப்பு படர்ந்துவிட்டது. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடையும்போது துகள்கள் பக்கத்துக் குமிழிக்குத் தாவுகின்றன. பத்து நொடிக்கு ஒருமுறை கரண்டியால் வழித்தேன். ஆறாவது நிமிடத்தில் நுரை மறுபடி வெளுத்துவிட்டது. அவ்வளவுதான், தாமிரம் வந்து முடிந்தது.

ஒரு கிலோவில் தாமிரம் உள்ள கனிமமான கால்கோபைரைட் சுமார் 16 கிராம். தண்ணீரையும் காற்றையும் வைத்து அதைத் தனியே பிரித்தெடுக்க முடிகிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. கேரி எவர்சன் என்ற பெண் எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1886-இல். அந்தக் காப்புரிமையால் அவருக்குப் பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் தாதுவை மிதக்கவைத்துப் பிரிப்பது தொழிலாக வளர்ந்ததோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். எவர்சன் பெயரை மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்று 1 முதல் 4 வரையிலான பைகள். எல்லாம் 75 மைக்ரான்.

மார்ச் 10, திங்கள்

15 முதல் 18 வரையிலான பைகளை எடுத்து 150 மைக்ரானுக்கு அரைத்து மிதக்கவிட்டேன். நுரையில் வழித்ததையும் (கான்சன்ட்ரேட்) மிதக்காமல் மிஞ்சியதையும் (டெய்லிங்ஸ்) உலர்த்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 13, வியாழன்

எண்கள் வந்தன. 75 மைக்ரானில் ரெக்கவரி, அதாவது உள்ளே போன தாமிரத்தில் நுரையோடு கைக்கு வந்த பங்கு, 85 சதவீதம். 150 மைக்ரானில் 90! கரடாக அரைத்ததில்தான் அதிகம். ஓடிப்போய் எனக்கு வழிகாட்டும் மேடத்திடம் காட்டினேன்.

அவர் ரெக்கவரி பத்தியைப் பார்க்கவே இல்லை. "கான்சன்ட்ரேட்டில் இருக்கிற தாமிரத்தையும் டெய்லிங்ஸில் இருக்கிற தாமிரத்தையும் கூட்டிப் பாரும்மா. உள்ளே எவ்வளவு போனது?"

கூட்டினேன். முதல் நான்கு பைகளில் சராசரி 0.53 சதவீதம். 150 மைக்ரானுக்கு அரைத்த நான்கில் 0.62.

"ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது தானே?"

"ஆமாம், மேடம்."

"அப்போ இது அரவையோட பதில் இல்லைம்மா. பைகளைப் போய்ப் பாரு."

மார்ச் 14, வெள்ளி

சாந்தேட் கரைசல் பழசாகியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை, இரண்டு நாளும் காலையில் புதிதாகக் கரைத்ததுதான். பிஎச் மின்முனையும் சரியாக இருக்கிறது. பைகள்தான் மிச்சம்.

திறக்காத 5-ஆம் பையையும் 19-ஆம் பையையும் அரைக்காமலே சலித்தேன். 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள் 5-ஆம் பையில் 12 சதவீதம், 19-ஆம் பையில் 31. அந்தத் தூளைத் தனியே, உலோக அளவைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தால், கரட்டில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாமிரம்.

உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வந்தது. பீப்பாய் வண்டியில் குலுங்கி வந்தது. குலுங்கும்போது தூள் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். நான் மேலிருந்து கரண்டியால் அள்ளி அள்ளி வரிசையாகப் பை கட்டினேன். ஆகவே முதல் பைகளில் கரடு, கடைசிப் பைகளில் தூள். கால்கோபைரைட்டின் கடினம் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரை. பாறையில் உள்ள குவார்ட்ஸ் 7. நொறுக்கும்போது மெத்தென்ற கால்கோபைரைட்தான் முதலில் தூளாகும். எனவே கடைசிப் பைகளில் தாமிரமும் கூடுதல், அதில் பெரும்பங்கு ஏற்கெனவே பாறையிலிருந்து விடுபட்ட துகள். நான் கரடாக அரைத்ததாக நினைத்த தாதுவில் பாதி வேலையைப் பீப்பாயின் குலுக்கல் செய்து வைத்திருந்தது.

மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் 90-ஐ அப்படியே எழுதியிருப்பேன். நினைக்கவே வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 15, சனி

பியர் ஜீயின் சாம்பிள் எடுக்கும் கோட்பாட்டை மறுபடி படித்தேன். துகளின் பெரிய அளவு இரண்டு மடங்கானால், அதே நம்பகத்துக்கு எட்டு மடங்கு எடை சாம்பிள் தேவை. பிழையின் வர்க்கம் துகள் அளவின் முப்படியோடு ஏறுகிறது. பரீட்சைக்குப் படித்தபோது இது வெறும் சமன்பாடு. ஆனால் பீப்பாயில் கரடும் தூளும் பிரிந்து கிடப்பதற்கு எடை கூட்டினாலும் தீர்வு கிடையாது. ஒவ்வொரு துகளுக்கும் சாம்பிளில் வந்து சேரச் சம வாய்ப்பு வேண்டும். கரண்டி அதைத் தராது.

மார்ச் 17, திங்கள்

மீதமிருந்த 16 பைகளையும் கவிழ்த்தேன். சலித்த இரண்டும் அதில் அடக்கம். எட்டுக் கோப்பை வைத்த சுழல் பகுப்பானில் கொட்டினேன். அதிர்கிற தட்டிலிருந்து தாது மெல்லிய நாடா போல விழுகிறது, கீழே கோப்பைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வேகமாக முடிக்க ஆசைப்பட்டுத் தட்டின் அதிர்வைக் கூட்டக் கூடாது. எத்தனை சுற்றில் விழுகிறதோ அத்தனை துண்டாகப் பீப்பாய் பங்கு போடப்படுகிறது என்று அர்த்தம். நான் நூறு சுற்றுக்கு மேல் ஓடவிட்டேன். ஒவ்வொரு கோப்பையையும் ரிஃபிள் என்ற பிரிக்கும் பெட்டியில் இரண்டாக்கினேன். 16 பை. தூசி மூக்கு வரை ஏறியிருந்தது, மனசு லேசாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஒன்பது சோதனைகள்: 75, 106, 150 மைக்ரான், ஒவ்வொன்றும் மூன்று தடவை. எந்தப் பைக்கு எந்த அரவை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். இன்று மாலை எண்கள் வந்தன. உள்ளே போன தாமிரம் ஒன்பதிலும் 0.56-இலிருந்து 0.58-க்குள்.

75 மைக்ரான்: 91.5, 90.8, 91.3.
106 மைக்ரான்: 91.0, 90.6, 91.4.
150 மைக்ரான்: 84.2, 83.7, 84.5.

ஆக, 150 ஆகாது. நாளுக்கு 10,000 டன் தாதுவில் 57 டன் தாமிரம் போகிறது, அதில் 7 சதவீதம் இழந்தால் நான்கு டன் தாமிரம் டெய்லிங்ஸ் குட்டைக்கு. அதன் விலைக்கு முன்னால் மிச்சமாகும் மின்சாரம் நிற்காது. ஆனால் 75-க்கும் 106-க்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒரே அரவையைத் திரும்பச் செய்யும்போது வரும் வித்தியாசத்தைவிடச் சிறிது. 106-இல் நிறுத்தினால் டன்னுக்கு 2.6 யூனிட் குறைகிறது, தாமிரம் குறைந்ததாகத் தெரியவில்லை. நான் கனவு கண்ட 4.7 இல்லை. பரவாயில்லை, இதை நான் நம்புகிறேன்.

மார்ச் 24, திங்கள்

150 மைக்ரான் டெய்லிங்ஸைப் பிசினில் வார்த்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். சாம்பல் நிறக் குவார்ட்ஸ் துகள் ஒன்று. அதன் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு கால்கோபைரைட் பொட்டு, இருபது மைக்ரான் இருக்கும். சுற்றிலும் பாறை. எந்தக் குமிழியும் அதைத் தொடவே முடியாது. பக்கத்திலேயே 106 மைக்ரான் கான்சன்ட்ரேட்டை வைத்துப் பார்த்தேன். அங்கே மஞ்சள் விளிம்பு கொஞ்சமே எட்டிப்பார்க்கும் துகள்கள் நிறைய. அந்த விளிம்பே குமிழி பிடிக்கப் போதுமாக இருந்திருக்கிறது. பாதிப் பாறையோடுதான் மேலே வந்திருக்கின்றன, அதனால் தரம் குறைவு. இவற்றை மட்டும் தனியே மறுபடி அரைத்தால் போதும். கான்சன்ட்ரேட் தாதுவின் எடையில் 8 சதவீதம்தான், எனவே அந்த அரவைக்குச் செலவு அதிகமாகாது.

அடுத்தது சுழற்சிச் சோதனை: 106-இல் அரைத்து, கான்சன்ட்ரேட்டை மறு அரவை செய்து, நடுவில் பிரியும் பகுதியை அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிடுவது. ஆறு சுற்றுக்கு ஆறு பை வேண்டும். கையில் ஏழு இருக்கிறது. ஏழாவதைச் சலித்துப் பார்க்க வைத்திருக்கிறேன்.