குருத்துன்னு பேரு வச்சவங்க சும்மா வைக்கல

போன மாசம் தெப்பக்குளத்த சுத்தி சைக்கிள் ஓட்டப் போன அக்கா பையன் கைய ஊனி விழுந்துட்டான், பத்து வயசு, மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிருச்சு. எக்ஸ்ரேய லைட்ல மாட்டுனா எலும்புக்கும் அதோட நுனிக்கும் நடுவுல கருப்பா ஒரு கோடு. அம்மா பாத்ததும் "ஐயோ, ரெண்டா போச்சே"ன்னு அழுதுட்டாங்க, எனக்கும் வயிறு கலங்கிருச்சு.

டாக்டர்தான், "அது முறிவு இல்லம்மா, வளர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும் இருக்கும், முறிவு இந்தா இருக்கு"ன்னு ரெண்டு விரக்கடை மேல காட்டுனாரு. பச்சக் குச்சிய வளைச்சா ஒரு பக்கம் மட்டும் விட்டு மறுபக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும்ல, அப்படி.

அந்தக் கருப்புக் கோடு குருத்தெலும்பு. சுண்ணாம்புச் சத்து இன்னும் ஏறாததால எக்ஸ்ரேல தெரியாது. எலும்பு ரப்பர் மாதிரி இழுபட்டு நீளுதுன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா நீளுறது இந்தக் கோட்டுலதான். அதுல இருக்குற செல்லுங்க காசு அடுக்குன மாதிரி வரிசையா நின்னு நுனிப் பக்கம் பெருகிக்கிட்டே இருக்கு, தண்டுப் பக்கம் இருக்குறது ஊதிப் பெருசாகி, சுண்ணாம்பு ஏறி, சாகுது, அந்த எடத்துக்குள்ள ரத்தக்குழாய் புகுந்து எலும்பு கட்டுற செல்லுங்க வந்து உக்காருது. முன்கையோட ஆர எலும்பு வளர்றதுல முக்காவாசி மணிக்கட்டு ஓரத்துக் கோட்டுலதானாம். அதனாலதான் பக்கத்து வீட்டக்கா நாட்டுக்கட்டுக்கு கூட்டிட்டுப் போங்கன்னப்ப நான் விடல, அந்தக் கோட்டுலயே அடி பட்டிருந்தா பாக்காம இழுத்துக் கட்டி கை கோணையா வளந்துட்டா என்ன பண்றது?

ஞாயித்துக்கிழமை நெல்பேட்டைல கால் வாங்கியாந்து அம்மா சூப்பு வச்சாங்க. இளங்குட்டிக் கால், நல்லா வெந்ததும் எலும்போட நுனி மூடி மாதிரி தனியா கழண்டு வந்துருச்சு, கழண்ட எடம் மேடும் பள்ளமுமா இருந்துச்சு. முத்துன கிடாயில இப்படி வராது, கோடு மூடி எலும்பாயிருக்கும். நமக்கும் அப்படித்தான், பொண்ணுங்களுக்கு பதினாலு பதினஞ்சு, பசங்களுக்கு பதினாறு பதினேழு வயசு வாக்குல மூடிரும். மூடுனதுக்கு அப்புறம் எந்தப் பவுடர் குடிச்சாலும் ஒரு இஞ்சு ஏறாது, இருபது வயசுப் பசங்ககிட்ட அத விக்கிறவங்கள நெனச்சா ஆத்திரமா வருது.

பொறக்கும்போது உடம்புல கிட்டத்தட்ட 300 எலும்புத் துண்டு, வளந்தப்புறம் 206, ஒவ்வொண்ணா ஒட்டிச் சேந்துருது. இப்ப அவன் கையில முறிஞ்ச எடத்துலயும் மொதல்ல குருத்து மாதிரி ஒண்ணு உருவாகித்தான் அப்புறம் எலும்பா இறுகும். வாழைல புதுசா வர்ற இளம் இலைக்கு என்ன பேரோ அதே பேர எலும்புக்கும் வச்சிருக்காங்க, எனக்கு இது ரொம்ப புடிச்சிருக்கு.

அம்மாவோட முட்டிதான் கவலை. மூட்டுக்குள்ள எலும்பு நுனிய மூடியிருக்குற குருத்துக்கு ரத்த ஓட்டமே கிடையாது, தேஞ்சா பழைய மாதிரி வளராது. நடக்கும்போது அது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரிஞ்சுதான் மூட்டுத் தண்ணியிலிருந்து சத்த இழுத்துக்குது, அதனால வலிக்குதுன்னு உக்காந்தே இருக்கவும் முடியாது. இப்ப தெனம் சாயங்காலம் அம்மாவும் கைல கட்டோட அவனும் தெப்பக்குளத்த ஒரு சுத்து மெதுவா நடந்துட்டு வர்றாங்க.