தண்டுவடத்தில் ஸ்டெம் செல்: முதலில் நாள்கணக்கு

‘ஸ்டெம் செல் செலுத்தியதும் கால் அசைந்தது’ என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், பிற செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களில் அது எந்த வகை என்று தேடுவதற்கு முன், தண்டுவடத்தில் அடிபட்ட எத்தனையாவது நாளில் செலுத்தினார்கள் என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அடிபட்ட முதல் வாரத்தில் தண்டுவடத்தில் வீக்கமும் அழற்சியும் உச்சத்தில் இருக்கும். அப்போது வைக்கும் செல்கள் பிழைப்பது கடினம். மாதங்கள் கடந்துவிட்டால் வேறு சிக்கல். ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் நரம்புத் துணைச் செல்கள் காயத்தைச் சுற்றித் தழும்பு எழுப்பியிருக்கும். அதிலுள்ள காண்ட்ராய்டின் சல்பேட் வகைப் பொருள்கள், வளர முயலும் ஆக்ஸானின் (நரம்பணுவின் நீண்ட இழை) நுனியைத் தடுத்து நிறுத்தும். நடுவில் நீர்க்குழி விழுந்திருக்கும். குழியைச் செல்லால் நிரப்பினால் போதாது. ஆக்ஸான் தழும்பைத் தாண்ட வேண்டும், மயலின் என்னும் காப்பு உறை பெற வேண்டும், சரியான நரம்பணுவைத் தேடிப் பிடித்து இணைய வேண்டும்.

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிடெயுகி ஒகானோவும் மசயா நகமுராவும் 14 முதல் 28 நாள் என்ற இடைவெளியைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். ஐபிஎஸ் செல்லிலிருந்து (முதிர்ந்த செல்லை மீண்டும் ஸ்டெம் செல் போல மாற்றியது) வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்கள், ஆளுக்கு 20 லட்சம். முதல் நோயாளிக்கு 2021 டிசம்பரில் வைத்தார்கள். 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள்: தண்டுவடக் காயத்தின் கடுமையை ‘ஏ’ (முழு இழப்பு) முதல் ‘இ’ (இயல்பு) வரை குறிக்கும் ஆசியா அளவுகோலில் நான்கு பேரும் ‘ஏ’ நிலையில் இருந்தவர்கள், ஒருவர் ‘டி’க்கும் ஒருவர் ‘சி’க்கும் வந்தார்கள், இருவர் ‘ஏ’யிலேயே இருந்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் அதே வாரங்களில் உடம்பும் தானாகத் தேறிக்கொண்டிருக்கிறது. ‘ஏ’ என்று குறிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், எந்த செல்லும் இல்லாமலே முதல் ஆண்டுக்குள் ஒரு படியாவது ஏறுகிறார். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையில் இது செல்லின் வேலையா, இயற்கையின் வேலையா என்று பிரிக்க வழியில்லை. 2018 டிசம்பரில் ஜப்பான் நிபந்தனையோடு அனுமதித்த, நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை செல்லைச் செலுத்தும் ஸ்டெமிராக் சிகிச்சை மீது எழுந்த விமர்சனமும் இதுதான்: 13 பேரில் 12 பேர் தேறினார்கள், ஒப்பிட ஒருவரும் இல்லை.

‘ஒரு படி ஏறினார்’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஏ’யிலிருந்து ‘பி’ என்றால் ஆசனவாய்ப் பகுதியில், அதாவது தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் செல்லும் எஸ்4-5 இடத்தில், உணர்வு வந்திருக்கிறது. கால் அசைந்ததாக அர்த்தமில்லை. கேட்க வேண்டியது படியை அல்ல, தசை வலிமைக்கான மதிப்பெண்ணை. உடம்பின் இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 100. முதல் மதிப்பீடு அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருந்தால் சற்றுச் சந்தேகப்படலாம். தண்டுவட அதிர்ச்சி (அடிபட்டதும் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழப்பது) அடங்காத நிலையில் ‘ஏ’ என்று எழுதப்பட்டவர் உண்மையில் ‘பி’யாகவோ ‘சி’யாகவோ இருக்கக்கூடும். அளந்தவருக்கு யார் சிகிச்சை பெற்றார் என்று தெரியுமா என்பதும் முக்கியம்.

தவறிப் போகும் வழிகள் பல. வைத்த செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே இறந்துவிடும். முழுதாக உருமாறாத செல் கலந்திருந்தால் கட்டியாகலாம். மூக்குச் சவ்வைத் தண்டுவடத்தில் வைத்த ஒருவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014இல் அது மருத்துவ இதழில் பதிவானது. புதிய நரம்பு இழைகள் தவறான இடத்தில் இணைந்தால் அசைவுக்குப் பதில் வலி வரும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிறருடைய செல் என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் சேரும், அதோடு தொற்று அபாயமும்.

பணம் வாங்கிக்கொண்டு ‘சோதனையில்’ சேர்க்கிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை. பணம் போவது ஒருபுறம். முன்பே செல் செலுத்திக்கொண்டவர்களைப் பல முறையான சோதனைகள் சேர்த்துக்கொள்வதில்லை. இன்று அவசரப்பட்டுப் போட்ட ஊசி நாளைய வாய்ப்பை அடைத்துவிடலாம். படுக்கைப்புண்ணும் மடங்கி இறுகிய மூட்டும் அப்படித்தான் அடைக்கும். அவை இரண்டும் வராமல் பார்த்துக்கொள்வது இப்போதே கையில் உள்ள வேலை.