நோட்டில் போட்ட கோடுகள்

எங்கள் டீமில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் அந்தப் பெண் அன்றாட வேலையைச் சொல்லும் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. வேலை சுத்தமாக இருக்கும். மற்றவர்கள் கண்ணில் படாத பிழைகளை டெஸ்டிங்கில் பிடித்துவிடுவார். மீட்டிங் கால் தொடங்கினால் மட்டும் முகம் வெளிறிவிடும். ஒருநாள் அவர் நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. ‘யெஸ்டர்டே ஐ டெஸ்டட் லாகின் பேஜ்’ என்று அன்றைக்குப் பேச வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதி, மூச்சு விட வேண்டிய இடங்களில் கோடு போட்டு வைத்திருந்தார்.

தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் பொறியியல் சேர்ந்த முதல் அணி 2025-இல்தான் படிப்பை முடித்தது. இவர் அந்த அணி. நான் 2010-இல் முதல் பட்டதாரி சலுகையில் சேர்ந்தவள். வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து அப்பா வாங்கித் தந்த சான்றிதழ் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

அன்று கேன்டீனில் நோட்டைப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, என் கதையைச் சொன்னேன். முதல் வேலையில் கிளையன்ட் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பாராட்டு மெயில் அவர் பெயருக்கு வந்தது. ஆபீசில் யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

டீ ஆறிப்போகும்வரை அவர் பேசவில்லை. அப்புறம், “அக்கா, அந்த மெயிலுக்கு நீங்க ரிப்ளை பண்ணீங்களா?” என்று கேட்டார்.

“கங்கிராட்ஸ்னு போட்டேன்.”

அதற்குப் பிறகுதான் மனம் விட்டுப் பேசினார். எழுதி வைத்ததைப் படித்துவிடுவாராம். எதிர்பாராமல் வரும் குறுக்குக் கேள்விதான் பயமாம். நானோ அதுவரை அவருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தேவை என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமைதோறும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். பிழையை முதலில் தமிழில் விளக்குவார், நான் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் செய்வோம். டீமில் ஆந்திரா, ஒடிசாக்காரர்களும் இருப்பதால் மீட்டிங்கைத் தமிழுக்கு மாற்ற முடியாது. பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே அனுப்பினோம், பதிலை சாட்டில் எழுதினாலும் சரி என்றோம். ஒடிசா பையனும் அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

இதைக் கேள்விப்பட்ட எச்.ஆர்., டைவர்சிட்டி வாரத்தில் அவரை மேடையில் பேச வைக்கலாமா என்று கேட்டார்கள். அவர் தலையாட்டினார், ஆனால் கையில் இருந்த பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதிதாக வந்தவரிடம் வலியைக் கேட்டு வாங்கக் கூடாது. பதவியில் இருப்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் அப்ரைசல், அதாவது வேலை மதிப்பீடு. ‘கம்யூனிகேஷன்’ கட்டத்தில் வழக்கமாக எழுதும் ஒற்றை வரியை நான் எழுதவில்லை. கிளையன்ட் கேட்ட குறுக்குக் கேள்வி, அதற்கு அவர் தந்த விளக்கம், தேதி எல்லாவற்றையும் எழுதினேன். இவ்வளவு விவரம் தேவையா என்றார் மேனேஜர்.

தேவை சார் என்றேன்.