சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிசிசி (கரைசலிலிருந்து வீழ்படிவாக எடுக்கும் கால்சியம் கார்பனேட்): எம்.எஸ்சி ப்ராஜெக்டில் நான் பட்டதும் கற்றதும்

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே இதுதான்: "கல்லும் கால்சியம் கார்பனேட், நீ எடுத்த பொடியும் கால்சியம் கார்பனேட், அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?" இதே தலைப்பை எடுக்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் தேடி வையுங்கள், ஏனென்றால் எந்தப் படியில் கவனம் வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும்.

என்னுடையது அரியலூர்ச் சுண்ணாம்புக் கல். பொடித்து, மஃபிள் ஃபர்னஸில் (மின் உலையில்) 950 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சுட்டேன். சுத்தமான கார்பனேட் என்றால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 10 கிராம் 5.6 ஆகும், எனக்கு 5.9 நின்றது. அதாவது கல்லில் ஏறக்குறைய 93 சதவீதம்தான் கார்பனேட், மற்றதெல்லாம் மணல், களிமண், இரும்பு. சுட்டதை அன்றே தண்ணீர் விட்டு நீற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் படாத மூடிய டெசிகேட்டரில் வையுங்கள். நான் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டேன். புதிதாகச் சுட்டது தண்ணீர் பட்டதும் சீறி, பீக்கரைத் தொட முடியாதபடி கொதிக்கும், இது சத்தமே இல்லாமல் சேறாகக் கிடந்தது. திரும்பவும் சுட வேண்டியதாயிற்று.

சரி, முக்கியமான இடம் இனிமேல்தான். சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 1.7 கிராம் அளவுக்குத்தான் கரையும் என்பதால் முதல் தடவை சுண்ணாம்புப் பாலை வடிகட்டாமல் அப்படியே கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டேன். எக்ஸ்ஆர்டியில் (படிக வகையைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில்) 26.6 டிகிரியில் ஒரு பீக் வந்தது, 26.2இல் வருகிற அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) என்று சந்தோஷப்பட்டு ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். ஆனால் எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில்) அரகோனைட்டுக்கு உரிய 854 பீக் இல்லவே இல்லை, இன்னொரு படிக வடிவமான கால்சைட்டின் 874, 712 மட்டும்தான். அப்புறம்தான் புரிந்தது, அந்த 26.6 பீக் குவார்ட்ஸ், கல்லில் இருந்த மணல் அப்படியே கூடவே வந்திருக்கிறது.

இரண்டாம் தடவை சர்க்கரைக் கரைசலில் கலக்கினேன். சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு பல மடங்கு கரையும், மணலும் இரும்பும் மெக்னீசியமும் கரையாமல் நிற்கும். வடிதாளில் பழுப்பாக ஒரு படலம், கீழே கண்ணாடி மாதிரிக் கரைசல். வைவா கேள்விக்கு என் பதில் அந்த வடிதாள்தான்.

வாயு விடும்போது பிஎச் மீட்டரைக் கரைசலிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். 12க்கு மேல் இருப்பது கொஞ்ச நேரம் அசையாது, பிறகு மளமளவென்று இறங்கும். 8 வந்ததும் நிறுத்துங்கள், தொடர்ந்து விட்டால் பைகார்பனேட்டாகிப் படிவு திரும்பக் கரையும். நன்றாகக் கழுவி உலர்த்தி எக்ஸ்ஆர்டி கொடுத்தேன். 26.6 காணவில்லை, 29.4இல் கால்சைட் தனியாக ஓங்கி நின்றது.